பிரைமரி காலத்தில் எந்தச் சேனலை நம்புவது?

தம்பி, நியூ ஜெர்சிக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த அதிபர் தேர்தலின் பிரைமரி (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடத்தும் வாக்கெடுப்பு) பற்றி அலுவலகத்தில் இப்போதே பேச்சு சூடுபிடித்துவிட்டது, ஆளுக்கொரு சேனலைச் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள், இதில் நடுநிலையான சேனல் எது, நம்மிடம் கருத்துக் கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் கேள்வி. இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சன் டிவி யார் பக்கம், ஜெயா டிவி யார் பக்கம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் பார்ப்போம். இங்கேயும் நவம்பர் தேர்தல் சமயத்தில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லுபடியாகும். ஃபாக்ஸ் குடியரசுக் கட்சி பக்கம் சாயும், எம்எஸ்என்பிசி (இப்போது எம்எஸ் நவ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) ஜனநாயகக் கட்சி பக்கம் சாயும். பிரைமரியில் அது உதவாது, ஏனென்றால் சண்டையே ஒரு கட்சிக்குள். ஆகவே சேனலை விட்டுவிட்டு, அதில் உட்கார்ந்து பேசுகிற ஆள் யார் என்று பாருங்கள்.

2008-ல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதியபோது நான் பிலடெல்பியா புறநகரில் இருந்தேன். சிஎன்என் மேசையில் ஜேம்ஸ் கார்வில், பால் பெகாலா இருவரும் அரசியல் வல்லுநர்களாக வந்து பேசுவார்கள். 1992-ல் ஹிலாரியின் கணவர் பில் கிளின்டனின் பிரச்சாரத்தை நடத்தியவர்களே இவர்கள்தான். அதே சேனலில் பேசிய டோனா பிரேசில், வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் தன் விருப்பப்படி வாக்களிக்கும் உரிமை உள்ள சூப்பர் டெலிகேட். மற்ற டெலிகேட்கள் பிரைமரி முடிவுப்படி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள். மறுபக்கம், எம்எஸ்என்பிசியில் கிறிஸ் மேத்யூஸ் ஒபாமாவின் பேச்சைக் கேட்டுக் காலில் சிலிர்ப்பு ஏறியதாக நேரலையிலேயே சொன்னார். ஏபிசி நடத்திய விவாதத்தில் கேள்வி கேட்ட ஜார்ஜ் ஸ்டெஃபனாபொலஸ் முன்பு பில் கிளின்டனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய பழைய வேலையும் இன்றைய பிடிப்பும் தெரியாமல் அவர் பேச்சை எடை போட முடியாது. திரையில் பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரி அதைப் பெரும்பாலும் சொல்லாது. நீங்களே தேடிப் பார்க்க வேண்டும், ஒரு நிமிட வேலை.

அந்த வருடம் மார்ச் 11-ல் மிசிசிப்பி முடிந்தது. அடுத்தது ஏப்ரல் 22-ல் எங்கள் பென்சில்வேனியா. இடையில் ஆறு வாரம் எங்கேயும் வாக்குப்பதிவே இல்லை, ஆனால் செய்திச் சேனல்கள் 24 மணி நேரமும் ஓடியாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது என்ன? ஒபாமாவின் பாதிரியார் ஜெரமையா ரைட் பேச்சிலிருந்து வெட்டிய சில நொடிகள், திரும்பத் திரும்ப. போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கினேன் என்று கிளின்டன் சொன்னதும், அது அப்படி இல்லை என்று காட்டிய பழைய காட்சியும். சிறு நகரத்து மக்கள் மனக்கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒபாமா சொன்னது. ஏப்ரல் 16-ல் பிலடெல்பியாவிலேயே நடந்த அந்த ஏபிசி விவாதத்தில் ஏறக்குறைய முதல் பாதி இதிலேயே போனது. சட்டையில் கொடி பின் ஏன் குத்தவில்லை என்றும் ஒரு கேள்வி. ஆலை மூடி வேலை போன ஊர்கள் நிறைந்த மாநிலம் இது. அந்த மக்கள் கேட்க நினைத்தது எவ்வளவோ இருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். கிளின்டன் என்றால் உயிர். வாசல் புல்வெளியில் அவர் பெயர்ப் பலகை நட்டிருந்தார். ஆனால் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். மாநிலத்தின் பெயர், இவருக்கு எத்தனை டெலிகேட், அவருக்கு எத்தனை, கடைசி வரிசையில் மொத்தம். எல்லாம் பென்சிலில், திருத்தங்களோடு. பென்சில்வேனியாவில் கிளின்டன் சுமார் 9 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆட்டமே திசை மாறிவிட்டது என்று டிவியில் பேசினார்கள். கணக்கு முழுசாக வந்தபின் அந்த அம்மா எழுதியது 85, 73. வித்தியாசம் 12. ஒபாமா அதற்கு முன்பே நூற்றுக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். அந்த அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் தாளில் உள்ளதை மறைக்காமல் எனக்குக் காட்டினார்.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு வாக்குக்கு ஏற்றபடி டெலிகேட்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் பெரிய வெற்றி என்று முழங்குவது பல நேரம் சின்ன நகர்வுதான். டெக்சாஸில் பிரைமரி வாக்கில் ஜெயித்தவர் கிளின்டன், காக்கஸையும் (கட்சிக்காரர்கள் கூட்டம் கூடி ஆதரவைக் காட்டும் முறை) சேர்த்தால் அதிக டெலிகேட் வாங்கியவர் ஒபாமா. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் வழக்கமே வேறு: 2016-ல் புளோரிடாவில் சுமார் 46 சதவீத வாக்குக்கு டிரம்ப் 99 டெலிகேட்களையும் அள்ளினார். உங்களுக்குப் பிடித்தவர் யாராக இருந்தாலும் சரி, இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் டிவி முன் பதற்றம் பாதி குறையும்.

என்னை மிகவும் கோபப்படுத்துவது, முடிந்துவிட்டது என்று முன்கூட்டியே அறிவிப்பது. 2008 நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமாதான் என்று கருத்துக்கணிப்பும் மேசை வல்லுநர்களும் ஏறக்குறைய முடிவே கட்டியிருந்தார்கள், ஜெயித்தது கிளின்டன். 2016 ஜூன் 7-ல் கலிபோர்னியாவும் நீங்கள் இருக்கும் நியூ ஜெர்சியும் வாக்களிக்க இருந்தன. முந்தின நாள் மாலையே அசோசியேட்டட் பிரஸ் சூப்பர் டெலிகேட்களிடம் கேட்டுக் கூட்டி, கிளின்டன் தேவையான எண்ணிக்கையை எட்டிவிட்டார் என்று செய்தி போட்டது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். காலையில் வரிசையில் நிற்கப் போகிறவனிடம் உன் வாக்குக்கு வேலை இல்லை என்று சொல்ல ஒரு செய்தி நிறுவனத்துக்கு என்ன அவசரம்? அவரை எதிர்த்து நின்ற சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. 2018-ல் கட்சியும் விதியை மாற்றியது. முடிவு ஏற்கெனவே உறுதியாகாவிட்டால் சூப்பர் டெலிகேட்கள் மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது.

நம் ஆட்களும் இதில் விழுவதுண்டு. 2019 ஜூனில் மயாமி விவாதத்தில் கமலா ஹாரிஸ் பைடனை மடக்கியதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் துளசேந்திரபுரம் பேத்தி அதிபராகிவிட்டார் என்றே பேசினார்கள். டிசம்பர் 3-ல், ஒரு மாநிலம்கூட வாக்களிக்கும் முன்பே, அவர் விலகிவிட்டார்.

ஆக, நடுநிலையான சேனல் என்று ஒன்றை என்னால் கைகாட்ட முடியாது. சி-ஸ்பான் என்ற சேனலில் கூட்டங்களை வெட்டாமல் அப்படியே காட்டுவார்கள். ரைட் விவகாரத்துக்குப் பதிலாக 2008 மார்ச் 18-ல் ஒபாமா பேசியது அரை மணி நேரத்துக்கும் மேல். முதலில் அதை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் மேசையில் இருப்பவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். வித்தியாசம் தானாகத் தெரியும்.

சரி, அலுவலகத்தில் யாராவது கேட்டால், விசாவில் இருக்கிறேன், எனக்கு வாக்கு இல்லை, உங்கள் எண்ணம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். ஆர்வமாகச் சொல்வார்கள், உங்களுக்கும் நிறையத் தெரியவரும். யாருக்கும் நன்கொடை அனுப்பிவிடாதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் வேட்பாளருக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று படிவத்திலோ திரையிலோ கேள்வி வரும். அவசரத்தில் கைபட்டு, குடிமகன் என்று பதிவாகிவிட்டால் பின்னால் கிரீன் கார்டு வரைக்கும் சிக்கல். அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்து, இல்லை என்று குறித்துவிட்டு வாருங்கள்.