சப்ரஸர் மாட்டினால் இயர் மஃப் வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 39. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். மூன்று வருடமாகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வருகிறேன். 9 எம்.எம். பிஸ்டலும் ஏ.ஆர்-15 ரைபிளும் வைத்திருக்கிறேன். எப்போதாவது நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்கும் போவதுண்டு. பத்து நாளைக்கு முன் உள்ளரங்க ரேஞ்சில், சத்தம் புகாமல் காதை மூடும் இயர் மஃபைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கத்து லேனில் ஒருவர் ரைபிளால் சுட்டுவிட்டார். இடது காது அடைத்துக்கொண்டு 'கொய்ங்' என்று இரைந்தது. மறுநாள் அடைப்பு போய்விட்டது. ஆனால் ராத்திரி படுத்தால் இரைச்சல் இன்னும் கேட்கிறது. "சப்ரஸர் (குழல் முனையில் மாட்டும் சத்தக் குறைப்பான்) வாங்கிப் போட்டுவிடு, மஃபே தேவைப்படாது" என்கிறார் நண்பர். சரிதானா? 11 வயது மகனும் .22 ரைபிள் சுட ஆசைப்படுகிறான். கூட்டிப்போகலாமா?

பதில்: சப்ரஸர் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் இடது காதைப் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரமே.

அடைப்பு போனதால் காது பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. வெடிச்சத்தம் தாக்கும்போது சில செல்கள் சோர்ந்து, பிறகு தேறிவிடும். சில அங்கேயே இறந்துபோகும். இறந்த செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. பத்து நாளாகியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், கொஞ்சம் செல்களாவது போயிருக்கலாம் என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் கேட்கும்போது, "துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு ஒரு காதில் இரைச்சல், பத்து நாளாகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். வெறும் 'காது இரைச்சல்' என்று சொன்னால் ஒரு மாதம் கழித்து நேரம் கொடுப்பார்கள். கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால், சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் ஓரளவாவது பலனை எதிர்பார்க்கலாம். வெடிச்சத்தக் காயத்துக்கு அது எல்லோருக்கும் வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாள் தவறினால் அந்த வாய்ப்பும் போய்விடும். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும், அந்தக் காதில் போன் பேச்சு புரியாமல் போனாலும் அன்றைக்கே போக வேண்டும். எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது நேரே நடுக்காதுக்குப் போய்விடும்.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனைக்குப் போகும் முன் 14 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் இருக்காதீர்கள். ரேஞ்ச், புல்வெட்டும் மெஷின், ஹெட்போன் பாட்டு எதுவும் கூடாது. 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் நான்கிலும் சோதிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 2000, 4000 என்று தாவிப் பார்த்தால் நடுவில் இருக்கும் பள்ளம் தப்பிவிடும். சத்தத்தால் வந்த சேதம் பெரும்பாலும் 3000 முதல் 6000 வரை குழி விழுந்து, 8000-இல் மறுபடி மேலேறும். வயதால் வரும் குறைபாடு அப்படி மேலேறாமல் சரிந்துகொண்டே போகும். தாளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இந்தக் குழி ஆரம்பத்தில் உங்களுக்கே உறைக்காது. பேச்சின் கனமான ஓசைகளெல்லாம் கீழ் அலைவரிசையில் இருப்பதால் மனைவி கூப்பிட்டால் காதில் விழும், ஆனால் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஓசைகள் நழுவும். நாலு பேர் கூடிப் பேசும் உணவகத்தில் 'என்ன, என்ன' என்று கேட்க ஆரம்பிப்பீர்கள். ராத்திரி தோட்டத்துச் சில்வண்டுச் சத்தம் குறைந்ததுபோல் தோன்றும். அதன் கிறீச்சொலி ஏறக்குறைய அந்த 4000, 5000 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது.

இனி சப்ரஸர். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. சினிமாவில் காட்டும் 'புஸ்' சத்தம் நிஜத்தில் கிடையாது. தோட்டாவின் பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரிந்து ஆறவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. மோட்டார்சைக்கிள் சைலன்ஸரின் தத்துவமும் இதேதான். 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் கருவிகளும் செய்தவர். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அவருடைய தந்தை ஹைரம் மாக்சிமுக்கோ முதுமையில் காது கேட்காமலே போயிற்று.

எண்களைப் பாருங்கள். .22 ரைபிளின் உச்ச ஒலி ஏறக்குறைய 140 டெசிபல். 9 எம்.எம். பிஸ்டல் 160-ஐ ஒட்டி வரும். உங்கள் ஏ.ஆர்-15 165-ஐத் தொடும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. ஆக 140-க்கும் 165-க்கும் நடுவே 300 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. பெரியவர்களின் காதில் விழும் திடீர் ஒலி 140-ஐத் தாண்டக் கூடாது என்பது தொழில் பாதுகாப்பு விதிகளின் வரம்பு. நல்ல சப்ரஸர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். ஏ.ஆர்-15-இல் மாட்டினால் 130-லிருந்து 145-க்குள் வந்து நிற்கும். அதாவது வரம்பின் விளிம்பில். வரம்பு என்பதும் ஒரு வெடிக்கான கணக்குதான். ஒரு மதியத்தில் நீங்கள் 150, 200 குண்டு சுடும்போது அத்தனையையும் சேர்த்துத்தான் காது தாங்குகிறது.

அந்த எண்ணிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் குழல் முனைக்குப் பக்கவாட்டில் அளந்தது. உங்கள் காது இருப்பது ரைபிளின் பின்பக்கம். சப்ரஸர் வாயுவை அடைத்து வைப்பதால் ஏ.ஆர்-15 போன்ற அரைத் தானியங்கிகளில் ஒரு பங்கு பின்னால் திரும்பி, காலித் தோட்டா வெளியேறும் வாய் வழியாக உங்கள் வலது காதுக்குப் பக்கத்திலேயே வெடித்து வரும். போல்ட்டைக் கையால் இழுக்கும் ரைபிளில் இந்தக் கசிவு இல்லை. இரண்டுக்கும் ஒரே சப்ரஸரை மாட்டினாலும் காதில் விழுவது ஒன்றாக இருக்காது. இன்னொன்று, தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழிக்கும் 'டப்' என்ற வெடிப்பை எந்த சப்ரஸராலும் தடுக்க முடியாது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. உங்கள் ரைபிள் தோட்டா 900 மீட்டர். வேட்டையில் கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு அதுதான்.

(போன் ஆப்பில் அளந்து பார்த்து '110தான் காட்டுகிறது' என்று நம்பிவிடாதீர்கள். போனின் மைக் அதற்கு மேல் பதிவுசெய்யத் திணறி, உச்சத்தை வெட்டிவிடும்.)

அப்படியானால் வாங்கலாமா? வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதற்கு ஈடு வேறில்லை. பக்கத்து லேன்காரரின் காதுக்கும் நல்லது. டெக்ஸாஸில் சட்டத் தடை இல்லை. 1934 முதல் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பம், கைரேகை, பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரைபிள் முனையில் இப்போது மசில் பிரேக் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பின்னுதைப்பைக் குறைக்க அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புவதால், காதுக்கு வரும் சத்தத்தைக் கூட்டுகிறது. சப்ரஸர் சுடச்சுட மரை தளரும். சில குண்டுகளுக்கு ஒருமுறை, தடித்த கையுறையோடு, குண்டை இறக்கிய பிறகு இறுக்கம் பாருங்கள். சுட்டவுடன் வெறுங்கையால் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் மஃபைக் கழற்ற அது காரணமாகாது. மஃப், பிளக் பெட்டியின் மேல் என்.ஆர்.ஆர். என்று, சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைக் காட்டும் ஒரு எண் இருக்கும். காதுக்குள் செருகும் ஃபோம் பிளக்குக்கு 32, மஃபுக்கு 24 என்று வைத்துக்கொள்வோம். அது சோதனைச்சாலையில் ஒழுங்காக மாட்டிவிட்டு அளந்தது. நடைமுறையில் ஃபோம் பிளக்குக்கு அதில் பாதி, மஃபுக்கு முக்கால் பங்கு என்று கணக்கிடுவது வழக்கம். அதாவது 16, 18. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 34 ஆகாது. பெரியதோடு ஏறக்குறைய 5 மட்டும் கூடி, 23. இப்போது கழித்துப் பாருங்கள். 165-இல் 23 போனால் 142. இரட்டைப் பாதுகாப்பிலும் வரம்பைத் தாண்டுகிறது! சப்ரஸரும் சேர்ந்து 138-க்கு இறங்கியது என்று வைத்தால், அதில் 23 போய் 115. கணக்கு தோராயம்தான், ஆனால் ஏ.ஆர்-15-க்கு சப்ரஸர், பிளக், மஃப் மூன்றும் வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. உள்ளரங்கில் சுவரில் பட்டு எதிரொலிக்கும் சத்தமும் சேர்வதால் அங்கே இதில் எதையும் விடவே கூடாது.

அந்த 16-ஐ 30 ஆக்குவது உங்கள் விரலில் இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியே சத்தம் உள்ளே போகும். இடது காதுக்கு வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். வளைந்திருக்கும் காதுக்குழாய் அப்போதுதான் நேராகும். உடனே முழுசாக உள்ளே செருகி, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலானவர்கள் ஐந்து விநாடியில் கையை எடுத்துவிடுகிறார்கள். ஃபோம் விரியும்போது தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியில் நேரே பார்த்தால் பிளக் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. 'ஒன்று, இரண்டு' என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். குடத்துக்குள் பேசியதுபோல் உங்கள் குரல் முழங்கினால் சரியாக அடைந்திருக்கிறது. உள்ளங்கையால் காதை மூடித் திறக்கும்போது வெளிச்சத்தம் பெரிதாக மாறினால் அடையவில்லை, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மஃபில் கெடுப்பது கண்ணாடிக் காம்பு. தடித்த காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விட்டால் சில டெசிபல் அங்கேயே போய்விடும். தட்டையான மெல்லிய காம்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். தொப்பி விளிம்பும் முடியும் உள்ளே சிக்கக் கூடாது. ரைபிள் கட்டையில் கன்னத்தைப் பதிக்கும்போது வலது மஃபின் அடிப்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதற்கு ஒல்லியான கிண்ணமுள்ள மஃப் கிடைக்கிறது. மெத்தை கடினமாகி வெடிப்பு விட்டால் மாற்றிவிடுங்கள். பஞ்சு காதைக் காக்காது.

உங்களுக்கு நேர்ந்ததுபோல் மறுபடி நேராமல் இருக்க ஒரே வழி, ரேஞ்சின் கதவுக்கு வெளியிலேயே இரண்டையும் மாட்டி, வெளியே வந்த பிறகுதான் கழற்றுவது. வியர்வை துடைக்க வெளியே வாருங்கள். மஃபுக்குக் கீழே பிளக் இருந்திருந்தால் அன்றைக்கு உங்கள் காது தப்பித்திருக்கும். வேட்டையில் காட்டின் அரவம் கேட்க வேண்டும் என்பதற்காகப் பலர் வெறுங்காதோடு போகிறார்கள். அவர்களுக்கென்றே எலெக்ட்ரானிக் மஃப் இருக்கிறது. மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்து, வெடி வந்ததும் பெருக்குவதை நிறுத்திவிடும்.

மகனை இப்போதைக்கு உள்ளரங்குக்குக் கூட்டிப்போக வேண்டாம். குழந்தைகளுக்கு உச்ச ஒலி 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதோடு ஈயமும் இருக்கிறது. குண்டின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்தும் தோட்டாவிலிருந்தும் ஈயத் தூள் காற்றில் கலக்கும். சப்ரஸர் மாட்டிய ரைபிள் அதை முகத்தை நோக்கியே கொஞ்சம் திருப்பும். வளரும் மூளைக்கு ஈயம் ஆகாது. திறந்தவெளி ரேஞ்சில், கூட்டமில்லாத காலையில், பக்கத்தில் பெரிய ரைபிள் எதுவும் வெடிக்காத நேரம் பார்த்து, நீளக் குழலுள்ள போல்ட் வகை .22-இல் சப்ரஸர் மாட்டி, ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைப் போட்டு ஆரம்பியுங்கள். இந்தக் கூட்டணியில் சத்தம் 120-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதன் மேல் சிறுவர் அளவு மஃப் கட்டாயம். பெரியவர்களின் ஃபோம் பிளக் அவன் காதில் முழுசாக இறங்காது, சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் இருவரும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கையும் முகமும் கழுவ வேண்டும். சானிடைசர் ஈயத்தை அகற்றாது. ரேஞ்ச் சட்டையையும் ஷூவையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மாதத்தில் பல முறை உள்ளரங்கில் சுடுகிறவர் என்றால் ரத்தத்தில் ஈய அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி இரைச்சலுக்கு, அறை முழு நிசப்தமாக இருக்க விடாமல் ஃபேனையோ மெல்லிய மழைச்சத்தப் பதிவையோ ஓடவிட்டுப் படுங்கள். மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். கேட்கும் திறனும் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவியே இரைச்சலையும் அடக்கிவிடுவதுண்டு. இணையத்தில் விற்கும் ஜின்கோ, துத்தநாக மாத்திரைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலே அவற்றைத் தர வேண்டாம் என்கிறது. வேறு நோய்க்கு, காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஊசி போட வந்தால் காது இரைச்சல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆடியோகிராம் தாளின் நகலைப் பத்திரப்படுத்தி, மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் பிறகு வருடம் ஒருமுறையும் அதே சோதனையைச் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸின் சராசரி முதல் தாளைவிட 10 டெசிபல் இறங்கியிருந்தால் உங்கள் பாதுகாப்பில் எங்கோ சத்தம் ஒழுகுகிறது. பிளக்கைப் போடும் முறையை அந்தச் சோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட் முன்னாலேயே செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். முதல் சோதனை முடியும்வரை ரேஞ்சுக்குப் போகாதீர்கள்.