புது ரிங் போட்டும் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் இல்லையே, ஏன்?

கேள்வி: நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்து முழு வேலையும் பார்த்தோம். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. வால்வுகளை கிரைண்ட் செய்து போட்டோம். 20 மணி நேரம் ஓடிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஆனதும் வெள்ளைப் புகை, மிஸ்ஃபயர். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தத்தை அளப்பது) வைத்துப் பார்த்தால் மற்ற மூன்று சிலிண்டர்களில் 400 பிஎஸ்ஐ சுமார், 3-வது சிலிண்டரில் மட்டும் 280. "ரிங் உட்கார நாளாகும், ஓட்டுங்க" என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

ரிங் உட்காரவில்லை என்ற சமாதானம் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. நான்கு சிலிண்டருக்கும் ஒரே செட் ரிங், ஒரே நாளில் வேலை. உட்காராதது ரிங்தான் என்றால் நான்கும் சேர்ந்தே குறைந்திருக்கும். சிலிண்டர்களுக்கிடையே 10, 15 சதவீத வித்தியாசம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு 30 சதவீதம். இது ஓடி ஓடிச் சரியாகிற சமாச்சாரம் இல்லை.

முதலில் அந்த 280 உண்மையான எண்தானா என்று பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டீசலை நிறுத்தி, நான்கு இன்ஜெக்டரையும் (டீசலைத் தெளிக்கும் பாகம்) கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுங்கள். 3-வது இன்ஜெக்டர் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காப்பர் வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதிது உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேஜ் அடாப்டரும் அங்கே சரியாக உட்காராது, காற்று பக்கவாட்டில் கசியும். அளக்கும்போது முள் எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் அடியில் குறைவாகக் காட்டி, அடுத்தடுத்த அடிகளில் மெல்ல ஏறினால் பெரும்பாலும் ரிங் பக்கம். ஏறாமல் அங்கேயே நின்றால் வால்வு பக்கம்.

அடுத்து டேப்பெட், அதாவது வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. வால்வையும் சீட்டையும் கிரைண்ட் செய்தால் வால்வு தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் செய்தாலும், புஷ் ராடு உள்ள இன்ஜின்களில் இடைவெளி இன்னும் சுருங்கும். வால்வு முழுக்க மூடாமல் நூலிழை திறந்தே நின்றால் கம்ப்ரஷன் எங்கே நிற்கும்? 2-வது சிலிண்டரின் வால்வுகள் ராக்கிங்கில் (எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கும் தருணம்) இருக்கும்போது 3-வதின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

சிலர் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள்; ஆயில் ரிங் இடுக்கை அடைத்து முள் ஏறினால் ரிங்தான் குற்றவாளி என்பது கணக்கு. அது பெட்ரோல் இன்ஜினில் பழகிய கை. டீசலில் ஏமாற்றும். போரும் (சிலிண்டர் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 100 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது, 18 என்று வையுங்கள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 46 சி.சி.தான். ஒரு டீஸ்பூன் ஆயில், அதாவது 5 சி.சி. விட்டாலே விகிதம் 20-க்குப் போய்விடும். ரிங் நன்றாக இருந்தாலும் முள் ஏறும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் பிஸ்டன் தலையில் உள்ள குழியிலேயே பாதி ஆயில் தேங்கிவிடும், ரிங்குக்குப் போகாது. அதிகம் ஊற்றினால் பிஸ்டன் ஆயிலில் முட்டி, பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளையும்.

நம்பகமானது லீக்டவுன் சோதனை, அதாவது காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. 3-வது பிஸ்டனை கம்ப்ரஷன் அடியின் உச்சியில் நிறுத்தி, இன்ஜெக்டர் துளை வழியே 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்துங்கள். கிராங்க்கை கட்டாயம் லாக் செய்ய வேண்டும்; காற்று பிஸ்டனைத் தள்ளினால் ஃபேன் பக்கம் இருக்கும் கை போய்விடும். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் குழாயில் சத்தம் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் பலமாக ஊதினால் ரிங்: உடைந்திருக்கலாம், தலைகீழாகப் போட்டிருக்கலாம், வாய்கள் ஒரே கோட்டில் நிற்கலாம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டர் துளையில் காற்று வந்தால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் பிடிக்கவில்லை. லைனர் உயரம் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது இதற்கு அடிக்கடி காரணம்.

எங்குமே கசிவு இல்லை, ஆனாலும் கம்ப்ரஷன் குறைவு என்று வந்தால்? கட்டிய இன்ஜினில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். காற்று தப்பவில்லை, போதுமான அளவு நசுங்கவில்லை. தடித்த கேஸ்கட் போட்டாலோ வால்வு டைமிங் கியர் ஒரு பல் மாறினாலோ நான்கும் குறையும், ஆகவே அவை உங்கள் வழக்கில் சேராது. ஒன்று மட்டும் என்றால் கனெக்டிங் ராடு வளைந்து குட்டையாகியிருக்கலாம். மேலே சொன்ன அளவுகளில் பிஸ்டன் 1 மி.மீ. கீழே நின்றால் விகிதம் 18-லிருந்து 15.5 ஆகும், 2 மி.மீ. என்றால் 13.7. உங்கள் கேஜ் காட்டுகிற வீழ்ச்சிக்கு ஏறத்தாழ 2 மி.மீ. போதும்.

ஹெட்டைக் கழற்ற வேண்டியது அப்போதுதான். நான்கு பிஸ்டனும் உச்சியில் நிற்கும் உயரத்தை டயல் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினை எதற்காகப் பிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிடித்துக்கொண்ட இன்ஜின் என்றால், 3-வது ராடையே முதலில் சந்தேகிப்பேன். வளைந்த ராடை நிமிர்த்திப் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.