ஜெத்தாவிலேயே பார்க்கலாமா, லக்சர் போகணுமா? 2027 முழு சூரிய கிரகணம்

கேள்வி: ஜெத்தாவில் வேலை, சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். 2027 ஆகஸ்ட் 2-ம் தேதி முழு சூரிய கிரகணம் இங்கேயே தெரியும் என்கிறார்கள். ஆனால் எகிப்தின் லக்சரில்தான் வானம் சுத்தமாக இருக்கும் என்று நண்பர்கள் அங்கே கிளம்புகிறார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இங்கேயே இருந்தால் மேகம் வந்து கெடுத்துவிடுமா? ஊரில் அம்மாவுக்கு ஏதாவது தெரியுமா?

பதில்: ஜெத்தாவிலேயே இருங்கள். கையில் ஒரு கார் இருக்கட்டும், அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள், திங்கட்கிழமை என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வது தப்பில்லை. ஆகஸ்ட் மாதம் லக்சரில் மேகத்தைப் பார்ப்பதே அபூர்வம், இந்தக் கிரகணத்தின் மிக நீண்ட முழு மறைப்பும் (6 நிமிடம் 23 விநாடி) அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆனால் ஜெத்தாவிலும் ஏறக்குறைய 6 நிமிடம் கிடைக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா, மெக்சிகோ பக்கம் வந்த கிரகணத்தில் அதிகபட்சமே நாலரை நிமிடம்தான், அதற்கே ஜனங்கள் கண்டம் தாண்டிப் போனார்கள். இருபது விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை.

நிமிடக் கணக்கை விட வானம் முக்கியம், வானத்தை விட நகர்ந்து போகிற வசதி முக்கியம். 2009 ஜூலை 22-ம் தேதி கிரகணத்துக்கு பீகாரின் தாரேக்னா என்ற ஊர்தான் சிறந்த இடம் என்று பேச்சு பரவி, ஆயிரக்கணக்கான பேர் அங்கே போய்க் காத்திருந்தார்கள். பருவமழை மேகம் விலகவே இல்லை. மேற்கே சில மணி நேரத் தூரத்தில், வாரணாசியில் கங்கைக் கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் ஊர். ஜெத்தாவில் ஆகஸ்டில் மழை மேகத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தொந்தரவு தரக்கூடியவை இரண்டு: செங்கடல் ஈரப்பதத்தால் வருகிற வெளிறிய புழுக்க வானம், அப்புறம் புழுதி. இரண்டும் சூரியனை முழுசாக மூடாது, ஆனால் முழு மறைப்பின்போது சூரியனைச் சுற்றித் தெரிகிற கரோனாவின் மெல்லிய வெளிப்பகுதியைத் தின்றுவிடும். உள்வளையம் பளிச்சென்று தெரியும், நீண்டு போகிற இழைகள் மங்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மதியம் ஒன்றரை மணிவாக்கில் ஒரு கட்டடத்தின் நிழலுக்குள் நின்று, சூரியன் கூரை விளிம்புக்குப் பின்னால் முழுசாக மறைகிற மாதிரி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது விளிம்பை ஒட்டியிருக்கிற வானத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் அருமையான வானம். பால் ஊற்றியது போல வெளுத்திருந்தால் காற்றில் தூசியோ ஈரமோ இருக்கிறது. கிரகணத்துக்கு முந்தைய ஜூலை மதியங்களில் கடற்கரையிலும் ஊருக்கு வெளியே உள்பக்கமாகவும் நாலைந்து தடவை இப்படிப் பார்த்துவிட்டால், எந்த இடம் உங்களுக்குச் சரிப்படும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

எந்தப் பக்கம் நகரலாம் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். சந்திரனின் நிழல் போகிற பாதையின் மையக்கோடு ஜெத்தாவுக்குத் தெற்கே கடலோரத்தைக் கடக்கிறது. அதனால் அல் லீத் சாலையில் தெற்கே போனால் நேரம் குறையாது, கொஞ்சம் கூடும். வடக்கே போகாதீர்கள், மதினாவில் முழு மறைப்பே கிடையாது. மக்காவில் 5 நிமிடத்துக்கு மேல் உண்டு, ஆனால் அன்றைக்கு அங்கே கூட்டமும் கிரகணத் தொழுகையும் இருக்கும், முஸ்லிம் அல்லாதவர்கள் நகருக்குள் போகவும் முடியாது. இன்னும் தெற்கே அசீர் மலைப்பக்கம் குளுகுளுவென்று இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமேகம் திரள்கிற பகுதி அது.

வானிலை ஆப்பில் வெயில் படம் போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். விண்டி மாதிரியான ஆப்பில் தாழ் மேகம், நடு மேகம், உயர் மேகம் என்று தனித்தனியாகவும், புழுதியைத் தனியாகவும் பார்க்கலாம். உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தால் கவலைப்படாதீர்கள், அதன் வழியாகவே கிரகணம் நன்றாகத் தெரியும். மூன்று நாள் முன்பிருந்து பார்க்க ஆரம்பியுங்கள், சவுதி தேசிய வானிலை மையத்தின் புழுதி எச்சரிக்கையையும் சேர்த்து. அன்று காலை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் மேகத்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் சாலை நெரிசலில்தான் மாட்டுவீர்கள். தரைக்கு மேலே சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் மிதந்தால் பதறாதீர்கள், சூரியன் மறைய மறையத் தரை குளிர்ந்து அவை பெரும்பாலும் கரைந்துபோகும்.

முழு மறைப்பு பிற்பகல் 1.20-க்குப் பிறகு, ஒன்றரைக்குள். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பே சந்திரன் கடிக்க ஆரம்பித்துவிடும். சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலிக்கும், பாய் விரித்துப் படுத்துக்கொள்வதுதான் சரி. கோடையில் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிற நேரம் அது. ஆகவே குழந்தைகளை நிழலிலோ ஏசி போட்ட காரிலோ உட்காரவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே கூட்டி வாருங்கள். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் உள்ள கிரகணக் கண்ணாடியை மட்டும் வாங்குங்கள், அதையும் சில மாதம் முன்பே. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படச்சுருள் எதுவும் கூடாது. சூரியன் முழுசாக மறைந்த பிறகுதான் கழற்ற வேண்டும், மறுபடி ஒரு பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் உடனே போட்டுவிட வேண்டும். அந்த ஆறு நிமிடத்தில் போனைக் கையில் எடுக்காதீர்கள், வெறும் கண்ணால் பாருங்கள். சூரியனுக்குப் பக்கத்திலேயே வெள்ளிக் கிரகமும் இருக்கும், குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் தஞ்சாவூரில் பகுதி கிரகணம் தெரியும். மாலை 4 மணிக்குப் பிறகு மேற்கே சரிகிற சூரியனில் ஓர் ஓரம் மட்டும் மறையும், தமிழ்நாட்டில் தெற்கே போகப் போகக் கொஞ்சம் கூடுதல். ஆகஸ்ட் மாலை என்பதால் மேகத்துக்கு வாய்ப்பு உண்டு, விட்டு விட்டுத்தான் பார்க்க முடியலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவருக்கும் ஒரு கண்ணாடி கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குச் சொன்ன கழற்றுகிற கதை அவருக்குப் பொருந்தாது, அங்கே முழு மறைப்பு இல்லாததால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கண்ணாடி போட்டேதான் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.