நிற்கும் படகுக்கும் செலவு உண்டு

கேள்வி: ஏரியில் குடும்பத்தோடு சுற்றிவர ஒரு மோட்டார் படகு வாங்கலாம் என்றிருக்கிறேன். 18 அடி ஃபைபர்கிளாஸ் படகு, 100 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டுவது), டிரெய்லரோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. பத்து வருடப் பழசு, ஆனால் அதிகம் ஓடவில்லை என்கிறார் விற்பவர். ஒவ்வொரு முறையும் வாடகை கொடுப்பதை விடச் சொந்தமாக வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? பெட்ரோலைத் தவிர வேறென்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

பதில்: வரும். வாங்கிய முதல் வருடமே வரும். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைப்பது படகின் வயது இல்லை, ‘அதிகம் ஓடவில்லை’ என்பதை நல்ல சேதியாக நீங்கள் எடுத்துக்கொண்டதுதான்.

பெட்ரோலை முதலில் முடித்துவிடலாம். பெட்ரோல் மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் 10 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 3.8 லிட்டர் என்பது படகுக்காரர்கள் போடும் தோராயக் கணக்கு. உங்கள் மோட்டாருக்கு மணிக்கு 38 லிட்டர் வரை போகும். எந்நேரமும் அப்படி யாரும் ஓட்டுவதில்லை, மெதுவாகப் போனால் நன்றாகவே குறையும், ஆனாலும் காரை மனதில் வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, பெட்ரோலாவது ஓட்டினால்தான் செலவு. மற்றதெல்லாம் படகு சும்மா கிடந்தாலும் ஆகும். துறையில் கட்டிவைக்க வாடகை, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், மேலே போட்டு மூட உறை, வருடாந்தர சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய படகு வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தாங்கள் கொடுத்த மலிவு விலையில் பத்தில் ஒரு பங்கு எடுத்துவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் படகை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று பார்த்தா மெக்கானிக் கூலி கேட்கப் போகிறார்? உதிரிபாகத்துக்கும் புதுப் படகுக்காரர் கொடுக்கிற விலையைத்தான் நீங்களும் கொடுப்பீர்கள். அதனால் இதே அளவுள்ள புதுப் படகு என்ன விலை என்று விசாரித்து, அதில் பத்தில் ஒரு பங்கு போடுங்கள்.

இப்போது அந்த ‘அதிகம் ஓடாத’ விஷயத்துக்கு வருகிறேன். அவுட்போர்டு மோட்டாருக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, இதில் எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது காரணத்தோடுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கிலேயே கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கிற இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் மடங்கியபடியே இருந்து இறுகிப்போகும், அப்புறம் ஒருநாள் ஏரி நடுவில் மோட்டார் சூடேறி நிற்கும். மழைத்தண்ணீர் படகுக்குள் சேரும். அதை இறைக்கும் பம்ப் பேட்டரியை நம்பி இருக்கிறது, பேட்டரியோ கவனிக்க ஆள் இல்லாமல் செத்திருக்கும். ஓடும்போது மூழ்குகிற படகுகளை விடக் கட்டிய இடத்திலேயே மூழ்குகிறவை அதிகம், இதை நம்ப மறுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் படகை இழக்கிறார்கள்.

ஒன்றை நீங்களே பார்க்கலாம். மோட்டாரின் கீழ்ப்பகுதியில், புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், கியர் ஆயில் வடிக்கும் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி ஆயிலைப் பாருங்கள். தெளிவாக வந்தால் நல்லது. பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தூண்டில் நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருக்கும். சீல் மலிவுதான். ஆனால் அதைக் கவனிக்காமல் ஓட்டி கியர் துருப்பிடித்துவிட்டால் அந்தக் கீழ்ப்பகுதியையே மாற்ற வேண்டிவரும். உங்கள் ஏரி குளிர்காலத்தில் உறைகிற ஏரி என்றால் இன்னும் மோசம், தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அதன் நெருக்கலில் கியர் பெட்டியே வெடித்துவிடும்.

டிரெய்லரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டயரில் பட்டன் தேயாமலே இருந்தாலும் வயதாகி ரப்பர் வெடித்திருக்கும். ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்குவதால் பேரிங்குக்குள் தண்ணீர் ஏறும், கிரீஸ் மாற்றாவிட்டால் நடுரோட்டில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே கணக்கு இப்படிப் போடுங்கள்: ஒரு வருடத்து மொத்தச் செலவை ஒருநாள் படகு வாடகையால் வகுத்தால் வருகிற எண்ணிக்கையை விட அதிக நாட்கள் நீங்கள் தண்ணீரில் இறங்குவீர்களா? காற்று, மழை, பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக்கு வரும் விருந்தாளிகள், இதையெல்லாம் கழித்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள். தண்ணீருக்குப் பக்கத்திலேயே வீடு, விடியற்காலையில் தூண்டிலோடு கிளம்புகிற பழக்கம், ஸ்பானரைப் பிடிக்கப் பிரியம், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அப்படிப்பட்டவருக்கு அது செலவே இல்லை. மாதம் ஒருமுறை போகிற குடும்பத்துக்கு வாடகைதான் மலிவு. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் துடுப்புப் படகில் ஆரம்பியுங்கள்.

எது வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்குப் பொருந்துவது. பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிப்போகும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் படகுதான் என்றால், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மோட்டாரை மேலே தூக்கி அழுத்திப் பாருங்கள், அது மாட்டியிருக்கும் பின்பலகை அசைந்தால் உள்ளே மரம் ஊறி உளுத்திருக்கலாம். நீங்கள் போய்ச் சேரும்போது மோட்டார் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறு உங்கள் கண்ணில் படாது. தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை என்றால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.