எமனுக்கு வெள்ளைக் குதிரை

மாயமும் கிண்டலும் கலந்து கதை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. 2015 மார்ச் 12 அன்று, 66 வயதில், இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்துபோன ஒருவரை இங்கே இவ்வளவு பேர் நினைத்துக்கொண்டிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கே: பிராட்செட்டின் பாத்திரங்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? எனக்கு மரணத்தைத்தான். அதைச் சொன்னால் வீட்டில் திட்டுகிறார்கள். (வாசகி, மதுரை)

எனக்கும் அவர்தான். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் நீந்திப்போகும் ஒரு பெரிய ஆமை, அதன் முதுகில் நாலு யானைகள், யானைகளின் மேல் தட்டு மாதிரி ஓர் உலகம். அதுதான் டிஸ்க்வேர்ல்ட். 1983-இல் தொடங்கி மொத்தம் 41 நாவல்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மரணம் ஒரு தடவையாவது தலைகாட்டுவார். எலும்புக்கூடு, கறுப்பு அங்கி, நீளக் கைப்பிடி வைத்த அரிவாள். நம் எமனுக்கு எருமை என்றால் இவருக்கு வெள்ளைக் குதிரை. அதற்குச் செல்லமாக பிங்க்கி என்று பெயர். பூனைகள் என்றால் இவருக்கு உயிர். யாரையும் இவர் கொல்வதில்லை. நேரம் ஆனதும் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான்.

என் அப்பா இறந்த வருடம் ‘ரீப்பர் மேன்’ படித்தேன். அதில் மரணத்துக்கு வேலை போய்விடுகிறது. ஒரு வயதான அம்மாளின் பண்ணையில் கூலியாளாகச் சேருகிறார். அறுப்புக்கு இறக்கிவிட்டால், பயிரை ஒவ்வொரு தாளாக அறுக்கிறார். வேகத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் ஒரு வீச்சுக்கு ஒரே தாள்தான். கட்டாக வாரி அறுப்பது என்ற பேச்சே இல்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஒரு கட்டில் எண் உண்டு. பதினேழு. மருந்து, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை எல்லாமே பதினேழுக்குத்தான் வரும். கடைசி நாள் காலையில் வந்து எங்களிடம் சொன்னவரும் பதினேழு என்றுதான் தொடங்கினார். தாளைத் தனித்தனியாகப் பார்க்கிற ஒருவர் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றிருப்பார் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை. அதனால் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அவரையே பிடித்திருக்கட்டும்.

கே: மரணம் பேசுவதெல்லாம் மேற்கோள் குறி இல்லாமல், கேபிடல் எழுத்துகளில் அல்லவா வரும்? தமிழில் மொழிபெயர்த்தால் என்ன செய்வது? (வாசகர், கோவை)

நல்ல கேள்வி, ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தடித்த எழுத்தில் போட்டால் விளம்பரம் போல இருக்கும். என்னைக் கேட்டால், கதையில் மற்ற எல்லோரும் பேச்சுத் தமிழில் பேசட்டும், மரணம் மட்டும் விகுதி குறையாத எழுத்துத் தமிழில் பேசட்டும். ‘வந்துட்டீங்களா?’ என்று செத்தவர் கேட்க, குறி எதுவும் இல்லாமல் அடுத்த வரியில், வந்துவிட்டேன், புறப்படலாமா. அந்தக் குளிர்ச்சியும் மரியாதையும் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது.

பிராட்செட் இறந்த செய்தியே ட்விட்டரில் அந்தக் கேபிடல் எழுத்துகளில்தான் தொடங்கியது. மரணம் அவரைக் கூப்பிடுகிறார். அவர் மரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுகளைத் தாண்டி ஒரு கறுப்புப் பாலைவனத்துக்குள் போகிறார். மூன்றாவது பதிவில் ‘முற்றும்’ என்ற அளவில் முடிந்துவிட்டது. அன்று அதைப் படித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

கே: மறதி நோயோடு எப்படி எழுதினார்? (வாசகர், திருச்சி)

2007 டிசம்பரில் அவரே வெளிப்படையாக அறிவித்தார். அப்போது வயது 59. அல்சைமர் நோயில் அது ஓர் அரிய வகை. கண் நன்றாக இருக்கும், ஆனால் பார்ப்பதை மூளை சரியாக வாங்கிக்கொள்ளாது. தட்டச்சு செய்ய விரல் விசையைத் தேட ஆரம்பித்தது. பிறகு வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். உதவியாளர் ராப் வில்கின்ஸ் தட்டச்சு செய்தார், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் இருந்தது. அப்படியே ஏழு வருடம். கடைசி நாவல் அவர் போன பிறகு 2015 ஆகஸ்டில் வந்தது.

கே: எதிலிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, நெல்லை)

‘மோர்ட்’. மரணத்திடம் ஒரு பையன் தொழில் பழகச் சேருகிற கதை. வரிசை எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கே: முடிக்காமல் விட்ட கதைகள் எப்போதாவது வெளிவருமா? (வாசகர், சென்னை)

வராது. அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 2017 ஆகஸ்ட் 25 அன்று டார்செட்டில் நடந்த நீராவி இயந்திரத் திருவிழாவில், அவருடைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒரு பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றினார்கள். நசுங்கிய டிஸ்க்கை அப்புறம் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. உள்ளே எத்தனை பேர் பாதி வாக்கியத்தில் நின்றிருப்பார்களோ! ஆனாலும் இதை முன்னின்று நடத்திய ராப் வில்கின்ஸ் செய்தது சரி. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.