விடுமுறையில் வந்து நிற்கும் கடன்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராகப் பணிபுரிகிறேன். வயது முப்பத்தெட்டு. கம்பராமாயணத்தை முழுமையாகப் படிக்க வேண்டும், வீணை கற்க வேண்டும், தாத்தாவின் ஊரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத வேண்டும் என்று சில இலக்குகளைப் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். வேலை நாட்களில் எதற்கும் நேரம் கிடைப்பதில்லை. சென்ற மாதம் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக் குடும்பத்துடன் ஊட்டிக்குச் சென்றேன். முதல் நாள் மாலையே ஒரு தவிப்பு தொடங்கிவிட்டது. தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா, சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ் என எதையும் விடாமல் பார்த்தோம். ஆனால் எங்கு நின்றாலும் அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்றே தோன்றியது. கொண்டுபோயிருந்த பாலகாண்டத்தைப் பிரிக்கவே இல்லை. அதனால் என்மீது எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலைப் பிள்ளைகள்மீது காட்டினேன். திரும்பிவந்து அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் நிம்மதியானது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு உண்மையான இலக்கு என்று ஒன்றுமே இல்லையோ? டிசம்பரில் பத்து நாள் ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், உதய்ப்பூர் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். போகலாமா, அல்லது அந்த நாட்களை வீட்டிலிருந்தபடி இலக்குகளுக்குச் செலவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

அலுவலகத்தில் உட்கார்ந்ததும் நிம்மதி வந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டின் நெருங்கிய சகாவான ஹங்கேரி மருத்துவர் சாண்டோர் ஃபெரென்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் மனச்சோர்வும் கண்டு, வாரம் தொடங்கியதும் தேறிவிடும் நோயாளிகளைப் பற்றி 1919-இலேயே எழுதியிருக்கிறார். வேலை நாட்களில் புறக் கடமைகள் மனிதனைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அந்தக் கட்டு அவிழும் நாளில், உள்ளே அழுத்தி வைக்கப்பட்டவை எல்லாம் மேலெழுந்து வருகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அழுத்தி வைக்கப்பட்டவை எவை என்பதில் ஃபிராய்டியர்களின் பட்டியலை நான் அப்படியே ஏற்பவன் அல்லன். ஆனால் அவர் கண்ட காட்சி மெய்யானது, உங்கள் கடிதத்திலும் அதுவே இருக்கிறது.

வெறுமனே இருப்பது பொதுவாகவே மனிதனுக்குக் கடினம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையில் கால் மணி நேரம் எதுவும் செய்யாமல் தனியே உட்காரும்படி சிலரிடம் சொல்லி, விரும்பினால் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானையும் வைத்தார்கள். அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்து, அதைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். ஊட்டியில் முதல் நாள் மாலை உங்கள் கை கைபேசியைத் தேடியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் உங்கள் தவிப்பு வெறும் சும்மா இருக்க முடியாமையால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இலக்கு இல்லாததால் வந்ததும் அன்று. ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட இலக்குகள் அனைத்தும், ஐந்து நாள் ஓய்வு கிடைத்த செய்தி தெரிந்ததும், கடன்காரர்களைப் போல ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றுவிட்டன. உங்களிடம் இருந்ததோ ஐந்து நாள். அதிலும் பெரும்பகுதியை மலைப்பாதையும் படகு இல்லத்து வரிசையும் எடுத்துக்கொண்டன. கம்பனுக்கும் கொடுக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியவில்லை. அலுவலகம் திரும்பியதும் வந்த நிம்மதி, ‘நேரமில்லை’ என்ற பழைய பதில் மீண்டும் செல்லுபடியான நிம்மதி.

ஆகவே வழக்கமான அறிவுரைக்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். வாழ்நாள் இலக்குகளை விடுமுறையில் வைக்காதீர்கள்; அவற்றின் இடம் வேலை நாட்கள்தான். கம்பராமாயணத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு காண்டங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். ஐந்து நாளில் முடிப்பதென்றால் நாளொன்றுக்கு 2,000 பாடல்களுக்கு மேல் படிக்க வேண்டும்; அப்படிப் படிப்பது கம்பனுக்கு இழைக்கும் அநீதி. அலுவலகம் கிளம்பும் முன் உரையோடு பத்துப் பாடல் என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் போதும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் யுத்த காண்டத்தை முடித்திருப்பீர்கள். வீணையும் அப்படித்தான். இடக்கை விரல்கள் தந்தியில் காய்ப்பு ஏறிப் பழகுவதற்கே மாதக்கணக்கில் அன்றாடப் பயிற்சி வேண்டும். காலையில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் கம்பனா வீணையா என்று இப்போதே முடிவு செய்து, மற்றதை மனமறிந்து கைவிட்டுவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் இருப்பதைவிட அது நேர்மையானது.

தாத்தாவின் ஊரைப் பற்றிய நூல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதற்குத்தான் விடுப்பு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டை, அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டை, பார்க்க வேண்டும், கோயிலில் கல்வெட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாத்தாவை நேரில் அறிந்த முதியவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். கம்பன் காத்திருப்பான், அந்த முதியவர்கள் காத்திருக்கமாட்டார்கள். பொங்கலையொட்டி மூன்று நாள் தனியாக அந்த ஊருக்குப் போய்வாருங்கள். அதைப் பயணம் என்றோ ஓய்வு என்றோ எண்ண வேண்டாம், வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுற்றுலாவைப் பற்றி. ஊட்டிக்கு அலுவலகத்தைச் சுமந்துகொண்டு போகும் பழக்கம் உங்களோடு தொடங்கியதன்று. பிரிட்டிஷ் காலத்தில் அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைமையிடமாக இருந்தது. வெயில் ஏறியதும் அரசாங்கமே கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் மலையேறியது. அவர்களாவது மாதக்கணக்கில் தங்கினார்கள். நாமோ இரண்டு நாளில் ஆறு இடம் என்று ஒரு பணிப்பட்டியலைத் தயாரிக்கிறோம், எல்லோரும் ஏறக்குறைய அதே பட்டியலையே தயாரிக்கிறோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு நெரிசல் முற்றியது. அந்த நெரிசலில் நின்றால் அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று தோன்றத்தான் செய்யும்.

அதே மலையில் அதற்கு மாற்றும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி செல்லும் மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏறிக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு தாண்டிப் பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும்போது அதன் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. சாலையில் போனால் மொத்தத் தொலைவையும் அதில் பாதி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்பது தெரிந்தும், பயணச்சீட்டுக்கு அத்தனை போட்டி இருக்கிறது. வழியில் இறங்கி எதையும் ‘பார்த்து முடிக்க’ வேண்டியதில்லை என்பதும் அதன் ஈர்ப்புக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் பொறுமை இழப்பீர்கள். அதைக் கடந்தால் குன்னூர் வருவதற்குள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் காதில் விழத் தொடங்கும். விடுப்பின் முதல் நாளும் அத்தகையதே. அந்தத் தவிப்பை உடனே எதையாவது கொண்டு நிரப்பாமல் விட்டால், பெரும்பாலும் மறுநாள் அது தானே தணியும்.

ஆடிப்பெருக்குக்குக் கட்டுசோற்றோடு ஆற்றங்கரைக்குப் போன முன்னோர் இப்படித் தவிக்கவில்லை என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. உட்கார்ந்து உண்ட ஆண்கள் தவித்திருக்க மாட்டார்கள்தான். விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சோறு கிளறிய பெண்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் ஊட்டிப் பயணத்தில் துணிகளை அடுக்கியதும் பிள்ளைகளுக்கு நேரத்துக்கு உணவு பார்த்ததும் யார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

டிசம்பரில் போய்வாருங்கள். வீட்டில் அடைபட்டு இலக்குகளை விரட்டினால் ஊட்டியில் நடந்ததேதான் அங்கும் நடக்கும். ஆனால் நான்கு நகரங்கள் வேண்டாம். ஜெய்ப்பூரிலிருந்து ஜெய்சல்மேர் 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து உதய்ப்பூரும் ஏறத்தாழ அவ்வளவு தொலைவு. பத்து நாளில் கணிசமான பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். இரண்டு ஊர்கள் போதும். எந்த இரண்டு என்பதை உங்கள் மனைவியிடம் விட்டுவிடுங்கள்; இவ்வளவு எழுதிய உங்கள் கடிதத்தில் அவர் எங்கே போக விரும்புகிறார் என்பது மட்டும் இல்லை.