நம் நெல்லுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

கேள்வி: வேதாரண்யம் வட்டாரத்தில் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். எங்கள் உவர் மண்ணில் மற்ற நெல் கருகினாலும் குழியடிச்சான் ஏமாற்றுவதில்லை. இப்போது அந்த அரிசிக்கு நல்ல கிராக்கி. "உடனே காப்புரிமை வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள் சிலர். புவிசார் குறியீடு வாங்கித் தருவதாக ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். ஒரு விதை கம்பெனி ஆராய்ச்சிக்கென்று 20 கிலோ விதை கேட்கிறது. பக்கத்து ஊர்க்காரர்களும் விதை கேட்கிறார்கள். யாருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: காப்புரிமை கிடைக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடி, விதை, பயிர் இரகம் எதற்கும் காப்புரிமை தர இடம் கொடுக்கவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குக் கிடைக்காதது போலவே, நாளைக்கு வசதியான ஒரு கம்பெனி வந்து கேட்டாலும் இங்கே கிடைக்காது. வெளிநாட்டில் நிலைமை வேறு. 1997-இல் அமெரிக்காவில் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி வகைகளுக்குக் காப்புரிமை வாங்கியதும், இந்தியா எதிர்த்த பிறகு அதன் பெரும்பாலான உரிமைக் கோரிக்கைகள் விழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

உங்களிடம் இருப்பது விதை, நிலம், பெயர் என்று மூன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம். எதற்கு முதலில் அலைவது என்று முடிவு செய்யும் முன், இவற்றில் எது உண்மையிலேயே உங்களை விட்டுப் போகாதது என்று பார்க்க வேண்டும்.

கேரளத்தின் பொக்காளி நெல்லைப் பாருங்கள். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் கடலோரத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் வயல்களில் விளைவது. மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போனதும் நெல், அறுவடைக்குப் பிறகு அதே வயலில் இறால். உரம், மருந்து கிடையாது. இந்த நெல்லை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 29 இரகத்தோடு கலப்பினம் செய்தது. அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான் எஃப்.எல். 478 என்ற நெல் வகை. பொக்காளியின் உப்புத் தாங்கும் குணத்தோடு தொடர்புடைய முக்கியமான பகுதி, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் முதலாவதில் இருக்கிறது. அதற்கு 'சால்டால்' என்று பெயர் வைத்தார்கள். நாற்றுப் பருவத்தில் சோடியம் இலைக்கு அதிகம் ஏறாமல், பொட்டாசியத்தோடு அளவு குலையாமல் பார்த்துக்கொள்வதில் அதற்குப் பங்கு உண்டு. இன்று ஆசியாவின் பல நாடுகளில் அந்தத் துண்டை உள்ளூர் இரகங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆக, மரபணு ஊர் விட்டுப் போய்விட்டது. போனதால் பல நாட்டு உழவர்களுக்கு நன்மை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடலோரமும், உப்பும் இறாலும் மாறி மாறி வரும் அந்த வயலும், அதை நடத்தத் தெரிந்த மனிதர்களும் போகவில்லை. பொக்காளி அரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு நிற்பது இவற்றின் மேல்தான்.

மேலாண்மை ஆய்வில் இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. ஜே பார்னி என்ற ஆய்வாளர் 1991-இல் முன்வைத்தது. ஒரு நிறுவனத்துக்கு நீடித்த பலம் தருவது எது என்று பார்க்க நான்கு கேள்வி கேட்கச் சொன்னார்: அதற்கு மதிப்பு இருக்கிறதா, அது அரியதா, மற்றவர் பார்த்துச் செய்வது கடினமா, அதற்கு மாற்று இல்லையா. உங்கள் விதையை இந்தக் கேள்விகளோடு நிறுத்திப் பாருங்கள். மதிப்பு உண்டு. ஆனால் ஒரு கைப்பிடி நெல் போதும், இரண்டு போகத்தில் ஒரு ஏக்கருக்கு விதை ஆகிவிடும். விதை மட்டும் உங்களைக் காப்பாற்றாது. நூறு பேரும் ஒரே இரகத்தைக் கலப்பில்லாமல் வளர்த்து, ஒரே தரத்தில் காயவைத்து, எந்த மூட்டை எந்த வயலிலிருந்து வந்தது என்று சொல்ல முடிவதுதான் மற்றவரால் சுலபத்தில் பார்த்துச் செய்ய முடியாதது. என் ஆலோசனை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

முதலில் விதை. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் 'உழவர் இரகம்' என்று ஒரு வகை உண்டு. பாரம்பரியமாக உழவர்கள் வயலில் வளர்த்து உருவாக்கியவை இதில் வரும். பதிவுக்கு உழவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்தில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அதிகாரி, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி இயக்குநர் போன்றவர்களில் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் இரகங்களைப் பதிவு செய்யும் டெல்லி ஆணையத்தின் பதிவேட்டிலும், அது வெளியிடும் இதழிலும் இதே பெயரில் வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். நாட்டு நெல் பல மாவட்டங்களில் பல பெயரில் நடமாடுவதால் இதைத் தவிர்க்க முடியாது.

அப்புறம் சோதனை. தனித்தன்மை, சீர்மை, நிலைப்புத்தன்மை மூன்றையும் பார்ப்பார்கள். 'புதியது' என்ற நிபந்தனை உழவர் இரகத்துக்கு இல்லை, சீர்மையிலும் கொஞ்சம் தளர்வு உண்டு. இருந்தாலும் விண்ணப்பங்கள் தடுக்கி விழக்கூடிய இடம் சீர்மை, அதாவது செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதுதான். கதிர் வெளிவந்த சமயத்தில் உங்கள் வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கும் தூர், மீசை வைத்த கதிர், அடியில் ஊதா பாய்ந்த இலையுறை, கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) மட்டும் வேறு கோணத்தில் நிற்கும் செடி என்று கண்ணில் படும். ஒரு பிடி நெல்லை உமி நீக்கி வெள்ளைத் தட்டில் பரப்பினால் நிறம் மாறிய மணிகளும் தெரியும். எல்லாம் கலவன், அதாவது உங்கள் இரகத்தோடு ஒத்துப்போகாத கலப்பு.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதனால் கலப்புக்குக் காரணம் பெரும்பாலும் பூ அல்ல. களம், சாக்கு, வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம், போன போகத்தில் உதிர்ந்து தானாக முளைத்தது. இது நல்ல செய்தி, ஏனென்றால் சரிசெய்ய முடியும். இந்தச் சம்பாவில் உங்கள் மூத்த உழவர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்துக்கொண்டு, "இதுதான் நம்ம குழியடிச்சான்" என்று அவர்கள் ஒருமனதாகச் சொல்லும் செடிகளிலிருந்து நூறு கதிர் போல எடுங்கள். அடுத்த போகத்தில் ஒரு கதிரின் நெல்லை ஒரு வரிசையாக, வரிசைக்கு ஒரு எண் போட்டு நடுங்கள். எந்த வரிசைக்குள் ஒரு செடி மாறி நிற்கிறதோ அந்த வரிசை முழுவதையும் ஒதுக்குங்கள். ஒன்றுபோல் நிற்கும் வரிசைகளை மட்டும் சேர்த்து அறுத்தால் அதுதான் உங்கள் மூல விதை. மற்ற நெல் வயலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். களத்தையும் சாக்கையும் தனியாக வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்கிற வேகத்தில் பழைய கலவை விதையை அடியோடு தொலைத்துவிடாதீர்கள். நாட்டு இரகத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் உப்பு கூடிய வருடத்திலும், மழை பொய்த்த வருடத்திலும் ஏதோ ஒரு பகுதியாவது பிழைத்து நிற்கக் காரணம். ஒரு வயலில் அந்தக் கலவையை வருடாவருடம் அப்படியே வளர்த்து வாருங்கள். விற்பனைக்குச் சீரான விதை, பாதுகாப்புக்குக் கலவை விதை, இரண்டும் வேண்டும்.

பதிவு கிடைத்தால் அந்த இரக விதையைப் பெருக்கி விற்கும் தனியுரிமை உங்களுக்கு நெல் போன்ற பயிர்களில் அதிகபட்சம் 15 ஆண்டு வரை இருக்கும். அதை வைத்துப் பக்கத்து ஊர்க்காரர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சட்டத்தின் 39-ஆம் பிரிவு எந்த உழவரும் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க அனுமதிக்கிறது. பதிவான இரகத்தின் பெயர் போட்ட பொட்டலமாக விற்பதற்கு மட்டும்தான் தடை. 2019-இல் குஜராத்தில் சிப்ஸ் உருளைக்கிழங்கு இரகத்தை வளர்த்த உழவர்கள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி வழக்கைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகு அந்த இரகத்தின் பதிவு 2021-இல் ரத்தாகி, 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் திரும்பியது. பதிவை வேலியாக நினைக்காதீர்கள். இந்த இரகத்தை யார் காப்பாற்றினார்கள் என்பதற்கு அரசுப் பதிவேட்டில் ஏறிய சாட்சி அது.

விதைப் பொட்டலம் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் விதை விற்பனை உரிமமும் வேண்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பெயர் விஷயத்தில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரகப் பதிவில் ஊர்ப் பெயரைச் சேர்த்து 'வேதாரண்யம் குழியடிச்சான்' என்று எழுதாதீர்கள். ஊர்ப் பெயர் கலந்த இரகப் பெயருக்கு அந்தச் சட்டம் பொதுவாக இடம் தராது. ஊர்ப் பெயரைப் புவிசார் குறியீட்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். கடையில் வைக்கும் அரிசிப் பைக்கு வேறொரு வணிகப் பெயர் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் வணிகச்சின்னமாகப் பதிவு செய்யுங்கள். 'குழியடிச்சான்' என்ற சொல்லைச் சின்னமாகக் கேட்டால் பொருளின் பொதுப்பெயர் என்று மறுத்துவிடுவார்கள். அரிசிக்கு 30-ஆம் வகை, விதைக்கு 31-ஆம் வகை. இணையவழி விண்ணப்பத்துக்குச் சிறு நிறுவனச் சான்று இருந்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் 9,000. மூன்றில் இதுதான் சுலபம். இந்த மாதமே செய்யலாம்.

புவிசார் குறியீடு வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு இப்போதைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை அல்ல. உண்மையான செலவு ஆதாரம் சேர்ப்பதில்: எந்த எல்லைக்குள் விளைகிறது, அந்த மண்ணும் நீரும் அரிசியில் என்ன மாற்றம் செய்கின்றன, எத்தனை காலமாக, தரத்தை யார் சோதிப்பார்கள். இதற்கு உங்கள் ஒரு நிறுவனம் போதாது. அந்தக் கடலோரத்தில் இதை வளர்க்கும் எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் வலு, ஏனென்றால் குறியீடு எல்லைக்குள் இருக்கும் எல்லா உற்பத்தியாளருக்கும் பொது. இன்றிலிருந்து ஒவ்வொரு போகமும் மண்ணின் உப்பு அளவை வேளாண் அறிவியல் நிலையத்தில் சோதித்து எழுதி வையுங்கள். மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் (சோதனை அறிக்கையில் உப்பைக் குறிக்கும் அலகு) தாண்டினாலே சாதாரண நெல்லின் மகசூல் இறங்கத் தொடங்கும். உங்கள் வயலில் எவ்வளவு இருந்து எவ்வளவு விளைந்தது என்ற கணக்கு மூன்று நான்கு போகத்துக்கு இருந்தால், தரகர் தேவைப்பட மாட்டார்.

விதை கேட்கும் கம்பெனிக்கு வாய்ப்பேச்சில் எதுவும் கொடுக்காதீர்கள். பதிவான இரகத்தையும்கூட ஆராய்ச்சிக்கும் புது இரகம் உருவாக்கவும் பயன்படுத்த, பயிர் இரகச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு யாருக்கும் அனுமதி தருகிறது. எனவே மறுப்பதைவிட எழுதி வாங்குவது பலன் தரும்: விதை எங்கிருந்து வந்தது என்று தங்கள் ஆவணங்களில் குறிப்பிடுவார்கள், மூன்றாவது ஆளுக்குத் தர மாட்டார்கள், இதிலிருந்து இரகம் வந்தால் பலனைப் பகிர்வார்கள். வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனமா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியானால் அவர்கள் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். உங்கள் ஊராட்சிப் பல்லுயிர்க் குழுவுக்கும் தகவல் கொடுங்கள்.

பக்கத்து ஊர்களுக்குக் கொடுங்கள். வட்டாரப் புத்தாக்கம் பற்றிய ஆய்வுகளில், அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் பகுதியையும் ஒப்பிட்ட ஆனாலீ சாக்சேனியனின் வேலை பேர் பெற்றது. ஆளும் அறிவும் நிறுவன மதிலைத் தாண்டி நடமாடிய வட்டாரம், தனக்குள் பூட்டி வைத்த வட்டாரத்தை முந்தியது என்று அவர் காட்டினார். நெல்லிலும் இதுவே என் அனுபவம். சுற்றியுள்ள ஊர்களிலும் இதே இரகம் இருந்தால்தான் தனி ஆலை கட்டுப்படியாகும், மொத்த வியாபாரி தேடி வருவார், ஒரு வருடம் உங்கள் விதை போனாலும் திரும்ப வாங்க இடம் இருக்கும். குறியீடு கேட்கவும் கூட்டம் இருக்கும்.

கொடுக்கும்போது கலவன் நீக்கிய விதையையே கொடுங்கள். ஒரு பதிவேடு போட்டு, வாங்கியவர் பெயர், ஊர், தேதி, அளவு, எந்த வயலின் விதை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரகப் பதிவு விண்ணப்பத்தில் வரலாறு எழுதும்போதும், நாளை யாராவது இந்த நெல்லிலிருந்து இரகம் உருவாக்கி நீங்கள் பலன் பகிர்வு கேட்கும்போதும் முதலில் மேசை மேல் வைக்க வேண்டியது அந்த நோட்டுதான்.